பன்னிரண்டு பாய் வெயில்

ஐப்பசி பதினோராம் தேதி காலை ஏழு மணிக்கு, வைகைக்குத் தெற்கே கீழமடைச் சந்தில், ஒச்சம்மா வீட்டுக் கொல்லையில் வெயில் அடித்தது. மதுரையில் வேறெங்கும் அடிக்கவில்லை. இருபத்து மூன்று நாளாக விடாமல் பெய்த மழையில் ஊரே ஊறிப்போய்க் கிடந்தது, தீக்குச்சி பற்றவில்லை, கதவுகள் உப்பிப்போய்ச் சாத்த வரவில்லை, பிள்ளைகள் ஈரச் சட்டையைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போய் ஈரச் சட்டையோடு திரும்பி வந்தார்கள், கோபுரங்கள்கூட நனைந்த யானைகளைப்போல் அசையாமல் நின்றன. அப்படிப்பட்ட நாளில் அந்தக் கொல்லையின் மேல் மட்டும், மேகம் விலகாமலே, வானத்தில் ஒரு கிழிசலும் விழாமலே, சித்திரை மாசத்து வெயில் நாலு ஓரமும் நறுக்கி விட்டதுபோல் இறங்கிக் கிடந்தது. சுற்றிலும் மழை சுவர் வைத்த மாதிரி நின்றது. உள்ளே ஒரு சொட்டு இல்லை.

விளக்குமாற்றோடு வந்த ஒச்சம்மா அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு உள்ளே போய் அப்பளம் காயப்போடும் பாய்களைத் தூக்கி வந்து ஒவ்வொன்றாக விரித்தாள். பன்னிரண்டு பாய் கொண்டது. பதின்மூன்றாவது பாயின் ஓரம் நனைந்தது.

"என்னடி வெளிச்சம்? வெயிலா?" என்று உள்ளே கட்டிலில் படுத்தபடி கேட்டான் அவள் புருஷன் மாயழகு.

"ஆமா."

"நம்ம வீட்டுக்கா?"

"ஆமாங்குறேன்ல."

"விலாசம் மாறி வந்திருக்கும். சத்தம் போடாம விரி."

சத்தம் போட்டாலும் ஏனென்று கேட்க ஆளில்லை. பதினேழு மாதமாக அந்த வீட்டோடு சந்தில் யாரும் பேச்சு வைத்துக்கொள்வதில்லை. போன வருஷம் வைகாசியில், முதலாளி குலசேகரன் தருகிற மாவை வாங்கி வீட்டில் வைத்து அப்பளம் தேய்த்துக் கொடுக்கும் முப்பத்தொரு வீட்டுப் பெண்களும், கூலியை ஏற்றினால்தான் இனிக் குழவியைத் தொடுவோம் என்று சங்கமாகச் சேர்ந்து நின்றார்கள். பன்னிரண்டு நாள் அசையாமல் நின்றார்கள். பன்னிரண்டாம் நாள் மார்க்கெட்டில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த மாயழகு லாரி மேலிருந்து விழுந்து முதுகெலும்பு நொறுங்கி ஆஸ்பத்திரியில் கிடக்க, ஒச்சம்மா யாரிடமும் வாய் திறக்காமல், முதலாளி வீட்டுப் பின்வாசல் வழியாகப் போய் மாவு வாங்கி வந்து, கதவைச் சாத்திக்கொண்டு தேய்த்தாள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சந்தே கூடி ஏதாவது செய்திருக்கும். அவளுக்குக் கேட்கத் தெரியவில்லை. "ஒருத்தி தேய்க்கிறா, மத்தவளுகளுக்கு என்ன கொள்ளை?" என்று முதலாளி வெளியே சொன்ன அன்றைக்கே சங்கம் உடைந்துபோனது.

சங்கத்தைக் கூட்டியவள் எதிர்வீட்டுச் சகாயமேரி. அவள் ஏசவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை. "இனி நமக்கு அவகூடப் பேச்சில்ல" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள், அவ்வளவுதான். அதற்குப்பிறகு குழாயடியில் ஒச்சம்மாவின் குடத்துக்கு வரிசை விட்டார்கள், அவள் வாசலில் குப்பையைத் தள்ளவில்லை, அவள் எதிரே வந்தால் ஒதுங்கி வழிவிட்டார்கள், எல்லாம் முறையாக நடந்தது, வாய் மட்டும் திறக்கவில்லை. தண்ணீருக்கு அடியில் குடித்தனம் நடத்துவதுபோல் இருந்தது அவளுக்கு. உதடுகள் அசைவது தெரியும், சத்தம் வராது. யாராவது ஒருத்தி, அதிலும் சகாயமேரி, தன்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டால் போதும் என்று பதினேழு மாதமாக அவள் மனது காத்துக்கிடந்தது. அதைத் தவிர அவளுக்கு எந்த ஆசையும் இருந்ததாக மாயழகுக்குக்கூடத் தெரியாது.

முதல் ஆளாக வந்தவள் நூர்ஜகான். பிள்ளை பெற்று ஒன்பது நாளான பச்சை உடம்புக்காரி, மடக்குக் குடையைப் பிடித்துக்கொண்டு கொல்லைப் படலுக்கு வெளியே நின்றாள். பிள்ளைக்கு மஞ்சள் காமாலை, காலை வெயிலில் காட்டு என்று டாக்டர் சொல்லியிருந்தார். எந்த வெயிலில் என்று சொல்லவில்லை. நூர்ஜகான் ஒச்சம்மாவைப் பார்க்காமல் பிள்ளையைப் பார்த்துப் பேசினாள்.

"சொல்லும்மா. படலைத் தொறக்கச் சொல்லும்மா."

ஒச்சம்மா படலை விலக்கினாள். அவளும் பிள்ளையைப் பார்த்தே பதில் சொன்னாள்.

"உள்ள வரச் சொல்லும்மா. கல்லு வழுக்கும், பாத்து வரச் சொல்லு."

பிள்ளை இரண்டு பேருக்கும் பொதுவாகக் கொட்டாவி விட்டது. அன்று காலை முழுக்கப் பாய் நடுவே துணியில்லாமல் கிடந்து, கையைக் காலை உதைத்து, வெயிலைக் குடித்தது. மூன்றாம் நாள் மஞ்சள் இறங்கியது. நாலாம் நாள் சந்தே படலருகில் நின்றது.

எப்படி வந்தது இந்த வெயில் என்று அதிகம் பேர் கேட்கவில்லை. கோயில் பூசாரி ஒரு காரணம் சொன்னார், பள்ளிவாசல் மோதினார் ஒரு காரணம் சொன்னார், சர்ச்சிலிருந்து வந்த சிஸ்டர் காரணம் சொல்லாமல் தன் நனைந்த செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். வானிலை பார்க்கிற ஆபீஸிலிருந்து ஒருவர் கருவியோடு வந்து எதையோ எழுதிக்கொண்டு, பொரித்துக் கொடுத்த அப்பளத்தைத் தின்றுவிட்டு, நன்றாக இருக்கிறது என்று சொல்லிப் போனார், அவர் சொன்னது வெயிலையா அப்பளத்தையா என்று யாரும் கேட்கவில்லை. கேட்பதற்கு நேரமில்லை. காய வேண்டியது அவ்வளவு இருந்தது.

ஆனால் ஒச்சம்மாவோடு பேசுவதில்லை என்பது அப்படியே இருந்தது. அதனால் பெண்கள் வெயிலோடு பேசினார்கள்.

"ஏ வெயிலு, ஒன் வீட்டுக்காரம்மாட்ட ஒரு வாளி கேளு."

"வெயிலு, அந்தம்மாவைக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லு, பாய் விரிக்கணும்."

ஒச்சம்மாவும் வெயிலிடமே சொன்னாள். "வாளி மூலையில இருக்குன்னு சொல்லு வெயிலு. ஓட்டை வாளி. பாத்து எடுக்கச் சொல்லு." இப்படி வெயில் நாள் முழுக்கச் செய்தி சொல்லிக்கொண்டு நின்றது. மாயழகு உள்ளேயிருந்து, "வெயிலு, எனக்கு ஒரு டீ சொல்லேன்" என்பான். சிரிப்பு வரும். சிரித்தவர்கள் உடனே வாயைப் பொத்திக்கொள்வார்கள், ஏனென்றால் படலுக்கு வெளியே, மழையில், சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு சகாயமேரி நிற்பாள். அவள் மட்டும் உள்ளே கால் வைக்கவில்லை. ஏழு நாள் நின்றாள். எட்டாம் நாள் பெண்கள் வெயிலைப் பங்கு வைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, பங்கு என்ற வார்த்தை காதில் விழுந்தபிறகு நிற்க முடியாமல், சாக்கை உதறிவிட்டு உள்ளே வந்தாள். வந்தவள் ஒச்சம்மா இருந்த பக்கம் திரும்பவில்லை.

பங்கு வைத்த கதையை இப்போது நினைத்தாலும் சந்தில் சிரிப்பார்கள்.

தேய்த்த அப்பளம் வீட்டுக்கு நாலு பாய் பிடிக்கும். இருப்பதோ பன்னிரண்டு பாய் வெயில். ஒரு நேரத்துக்கு மூன்று வீடு, பத்துச் சுற்றில் எல்லோருக்கும் ஒரு மணி நேரம். இதுவரை சரியாகத்தான் இருந்தது. ஆனால் அப்பளக்காரிகளுக்கு வெயில் என்பது ஒரே வெயில் அல்ல. காலை வெயில் இளசு, அப்பளத்துக்கு அதுதான் ஆகும். உச்சி வெயிலில் அப்பளம் வளைந்து நொறுங்கும். சாயங்கால வெயிலுக்கு நிறம் உண்டு, வேகம் கிடையாது. அப்படியிருக்க ஒருத்திக்கு இளவெயிலும் இன்னொருத்திக்கு உச்சி வெயிலும் என்றால் நியாயமாகுமா? ஆகாது என்று முப்பது பேரும் சொன்னார்கள். ஆகையால் ஒவ்வொரு வீட்டுக்கும் காலையில் இருபது நிமிஷம், உச்சியில் இருபது நிமிஷம், சாயங்காலம் இருபது நிமிஷம் என்று ஓர் அணுகூடப் பிசகாமல் வெயிலை வெட்டினார்கள். சாக்குக்கட்டியால் கொல்லையில் கோடு போட்டார்கள். ஒருத்தி மணி பார்த்து விசில் ஊதினாள்.

விசில் ஊதியதும் பாய்கள் மழைக்குள் ஓடின. இருபது நிமிஷம் காய்ந்த அப்பளம் மூன்று மணி நேரம் ஈரக் காற்றில் ஊறி, உச்சியில் வந்து பதறிப்போய் வளைந்து, மறுபடி ஊறி, சாயங்காலம் வந்து சோம்பிக் கிடந்து, அரை ஈரத்தில் அடுக்கப்பட்டது. அரை ஈரத்தில் அடுக்கினால் என்ன ஆகும் என்று கீழமடைச் சந்தில் நடக்கப் பழகுகிற பிள்ளைக்கும் தெரியும். முப்பது பேருக்கும் தெரிந்திருந்தது. ஆனால் அளவு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதிலேயே எல்லோருடைய கண்ணும் இருந்ததால் அப்பளத்தைப் பார்க்க யாருக்கும் கண் மிச்சமில்லை. மூன்றாம் நாள் கட்டுகளைப் பிரித்தபோது, முப்பது வீட்டு அப்பளத்திலும் ஒரே அளவாக, ஒரே பச்சையாக, பூசணம் பூத்திருந்தது.

முப்பது பேரும் குனிந்து கட்டுக்குக் கட்டு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பிறகு நூர்ஜகான், "சமமாத்தான் பூத்திருக்கு" என்றாள்.

முதலில் சிரித்தது யாரென்று தெரியவில்லை. சிரிப்பு பாய் பாயாகத் தாவி மழைக்குள் போய், மழைக்கு அந்தப்பக்கம் நின்றவர்களும் காரணம் தெரியாமலே சிரித்தார்கள். சகாயமேரியும் சிரித்தாள், பதினேழு மாதத்துக்குப் பிறகு அவள் பல் தெரிந்தது. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் சொன்னாள்:

"வெயிலை வெட்டுனது போதும். வெயிலு முழுசா இருக்கட்டும். மாவை ஒண்ணாக் கொட்டுங்கடி."

"எல்லா மாவையுமா?" என்றாள் ஒருத்தி. "எம் மாவுல பெருங்காயம் தூக்கலா இருக்கும்."

"அப்ப எல்லாருக்கும் தூக்கலா இருக்கட்டும்."

"யாரு பெசையுறது?" இதை ஒருத்தி மெல்லக் கேட்டாள். யார் கை பட்ட மாவை யார் தொடுவது, யார் வீட்டு விசேஷத்துக்குப் போவது என்பதெல்லாம் அந்தக் கேள்விக்குள் சுருண்டு படுத்திருந்தது. சகாயமேரி அண்டாவை நடுவில் இழுத்துப்போட்டுத் தன் மாவைக் கொட்டினாள். நூர்ஜகான் கொட்டினாள். ஒவ்வொருத்தியாகக் கொட்டக் கொட்ட, கேட்டவளும் கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு கொட்டினாள். எண்ணெய் தடவி, உரலில் போட்டு, உலக்கையால் இடித்து, திருப்பிப்போட்டு, மறுபடி இடித்து, மாவு இளகிப் பொன்னிறமாகத் திரண்டு வந்தபோது, அதில் தன் கை எது பிறத்தியார் கை எது என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

இளவெயில் நேரத்தில் மூன்று தடவை பன்னிரண்டு பாய் அப்பளம் காய்ந்து இறங்கியது. கொஞ்சம்தான், ஆனால் கண்ணாடிபோலக் காய்ந்தது. இதற்கு முப்பது பேர் வேண்டாம், இருபது பேர் போதும் என்று தெரிந்ததும், முறை போட்டுக்கொண்டார்கள். இன்றைக்கு இடிக்கிறவள் நாளைக்குத் தேய்ப்பாள், நாளை மறுநாள் ஒன்றும் செய்யமாட்டாள். ஒன்றும் செய்யாத நாள் என்று ஒரு நாள் அந்தப் பெண்களின் ஆயுசில் அதுவரை இருந்ததில்லை. ஒருத்தி அந்த நாளில் தூங்கினாள். ஒருத்தி பஸ் ஏறி அழகர்கோயில் வரைக்கும் போய்விட்டுச் சும்மா திரும்பி வந்தாள். கிடைத்த கூலியில் எல்லா வீட்டுக்கும் ஒரே பங்கு.

சுவரில் கரியால் முறையை எழுதும்போது, சகாயமேரி வெயிலைப் பார்த்துச் சொன்னாள். "வெயிலு, கேட்டுக்க. எடம் கொடுத்த வீட்டுக்குப் பங்கு உண்டு. வேலை கெடையாது."

பெருந்தன்மை என்று எல்லோரும் தலையாட்டினார்கள். ஒச்சம்மாவுக்கு மட்டும் புரிந்தது. வேலை இல்லை என்றால் சுவரில் பேர் இல்லை. பேர் இல்லை என்றால் அந்த மாவில் அவள் கை இல்லை. முப்பது கையும் கலந்த மாவு தன் கொல்லையிலேயே இடிபடுவதை அவள் படியில் உட்கார்ந்து வீட்டுக்காரி மாதிரி பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். உலக்கை விழும் ஒவ்வொரு தடவையும் அவள் உள்ளங்கை அரித்தது.

"பங்கு வருது, வேலை இல்ல. ராணி மாதிரி இரு" என்றான் மாயழகு.

"இருக்கேன்" என்றாள் அவள், கண்ணைத் திருப்பிக்கொண்டு.

வெயிலுக்கும் ஒரு நாள்முறை வந்துவிட்டது. விடிந்ததும் பிறந்த பிள்ளைகள். அதற்குப் பிறகு அப்பளம். உச்சியில், எந்த வேகத்தையும் தாங்கும் மோர் மிளகாயும் வடகமும். இரண்டு மணிக்கு மேல் ஊருக்கு. ஊர் என்றால் ஊர்தான். தொய்ந்துபோன பறையையும் உறுமியையும் தூக்கிக்கொண்டு மேளக்காரர்கள் வந்தார்கள். தோல் காய்ந்து இறுகிவிட்டதா என்று அவர்கள் தட்டிப் பார்க்கிற ஒவ்வொரு தட்டுக்கும் பாயோரத்துக் குழந்தைகள் குதித்தன. பள்ளிக்கூடத்துப் பரீட்சைத் தாள்கள் வந்தன, சலூன்காரர் துண்டுகள் வந்தன, மாவு அரைக்கிற மிஷின்காரரின் முளைவிட்ட கோதுமை வந்தது, ஒரு போலீஸ்காரரின் தொப்பி தானே நடந்துவந்ததுபோல் யார் கையிலோ வந்தது, கல்யாணப் பெண் ஒருத்தி இடுப்புக்குக் கீழே தொங்குகிற ஈரத் தலைமுடியோடு வந்து உட்கார்ந்து உலர்த்திப் பின்னிக்கொண்டு போனாள். காய வைக்க ஒன்றும் இல்லாதவர்கள் சாயங்காலம் வந்து தாங்களே காய்ந்தார்கள். ஒண்டியாக இருக்கிற கிழவர்கள், வேலை தேடி அலைகிற பையன்கள், மருமகளோடு சண்டை போட்டவர்கள், எல்லோரும் அந்த மஞ்சள் சதுரத்துக்குள் நெருக்கியடித்துக்கொண்டு, கடைசி வெளிச்சம் முழங்காலிலிருந்து இறங்கிக் கால்விரல் நுனியிலிருந்து கழன்று போகும்வரை ஊர்க்கதை பேசினார்கள்.

கார்த்திகை பிறந்தது. முகூர்த்த மாசம், மதுரைக் கல்யாண மண்டபம் எதிலும் அப்பளம் இல்லை. சந்து கொடுத்த கொஞ்சம் போக, மழைக் காற்றில் குலசேகரனின் குடோன் வெறுமையாகக் கிடந்தது. ஒருநாள் காலை, அப்பளம் பாயில் கிடக்கிற நேரத்தில், அவர் வெள்ளை வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பெரிய கறுப்புக் குடையோடு கொல்லைக்கு வந்தார். உலக்கை நின்றது. குழவிகள் நின்றன.

"ஒச்சம்மா" என்று அவர் வாஞ்சையாகக் கூப்பிட்டார்.

பதினெட்டு மாதத்தில் வெளியாள் ஒருவர் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அது இவர் வாயிலிருந்தா வர வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது.

"வாங்க முதலாளி."

"ஒன்னைய நான் மறக்கலம்மா. அன்னைக்கு இந்தச் சந்தே என்னைய எதுத்து நின்னப்ப, நீ ஒருத்திதான் எம் பக்கம் நின்ன. அதை மறந்தா நான் மனுசனா?" எல்லோருக்கும் கேட்கும்படி நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "இந்த எடத்தைச் சுத்தி நான் தகரம் அடிச்சுத் தாரேன். கதவு போட்டுப் பூட்டுச் சாவி ஒங்கிட்ட. எம் மாவு மட்டும் காயும். யாரை உள்ள விடணும், யாரை விடக்கூடாதுன்னு நீ சொல்லு. இதுலயும் எத்தன பேருக்கு வேலை உண்டுன்னு நீதான் சொல்லுவ. மாயழகு முதுகை மெட்ராஸ்ல காட்டுவோம். இல்லேன்னா, நாளையிலருந்து இந்தச் சந்துக்கு எம் மாவு ஒரு பிடி வராது. அதையும் சொல்லிப்புட்டேன்."

முப்பது பேரும் ஒச்சம்மாவைப் பார்த்தார்கள். பதினெட்டு மாதமாக அவள் முகத்தில் விழாத கண்கள் அத்தனையும் ஒரே நேரத்தில் விழுந்தன. அவை எதை எதிர்பார்க்கின்றன என்று அவளுக்குத் தெரிந்தது. உள்ளே கட்டில் கிறீச்சிட்டது.

"முதலாளி, குடையை மடக்குங்க" என்றாள் ஒச்சம்மா.

"என்னது?"

"நெழல் விழுது. அந்தப் பாய்ல இருவது அப்பளம் காயல."

அவர் தன்னையறியாமலே குடையை மடக்கி இரண்டடி பின்னால் நகர்ந்தார். மழை அவர் முதுகில் பெய்தது.

"அன்னைக்கு மாவு கொடுத்தீங்க, வாங்கினேன். வாங்கினது தப்பு. ஆனா மாவு ஒங்களோடது, நீங்க கொடுக்கலாம். வெயிலு என்னோடதில்ல. வாடகை வீடு, அதுக்கும் வெயிலு வாடகைக்கு வரல, தானா வந்து நிக்குது. என்னோடதா இருந்தாக்கூட..." அவள் மேலே சொல்ல வராமல் சேலை முந்தானையைத் திருகினாள். "படலுக்குப் பூட்டு வேண்டாம் முதலாளி. போயிட்டு வாங்க."

அவர் போன பிறகும் உலக்கை விழச் சிறிது நேரம் ஆனது. சகாயமேரி எழுந்து, பாய்க்கு அந்தப்பக்கம் போய், நிமிர்ந்து வானத்தைப் பார்த்தாள்.

"பரவால்ல வெயிலு" என்றாள். "நல்லாத்தான் பேசுற."

அவ்வளவுதான். ஒச்சம்மாவுக்கு அது போதவில்லை. ஆனாலும் அன்று அவள் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள்.

மறுநாளிலிருந்து மாவு வரவில்லை. அன்று ஒருநாள் மட்டும் பாய்கள் காலியாகக் கிடந்தன. அதற்கு அடுத்த நாள் மேளக்காரர்கள் வந்தார்கள், பறையின் மேல் ஒரு படி உளுந்தைப் பரப்பி வைத்துக்கொண்டு. "காய வைக்க வந்தோம்" என்று வைத்துவிட்டுப் போனார்கள், எடுத்துப்போக வரவில்லை. பிள்ளைக்காரிகள் முந்தானையில் முடிந்து கொண்டுவந்தார்கள். பள்ளிக்கூட டீச்சர் கொண்டுவந்தார். கல்யாணப் பெண்ணின் வீட்டிலிருந்து சாக்கில் வந்தது. போலீஸ்காரர் தொப்பியிலேயே கொண்டுவந்தார். சந்துப் பெண்கள் வடைக்கென்று டப்பாவில் வைத்திருந்ததைக் கவிழ்த்தார்கள். மிஷின்காரர், "ஊர்க் கோதுமைக்கு நீங்க ஒதுக்கின எடத்துக்கு நான் என்ன செய்ய?" என்று சொல்லி அத்தனையையும் அரைத்துக் கொடுத்தார். நாலு ஊர் உளுந்தும் நாற்பது வீட்டு உளுந்தும் கலந்த அந்த மாவில் செய்த அப்பளத்துக்கு யாருடைய பேரும் இல்லை. மண்டபத்துச் சமையல்காரர்கள் மழை அப்பளம் என்று கேட்டு வாங்கினார்கள். வாங்க வந்தவர்களே சணல் சாக்கையும் எண்ணெயையும் அடுத்த மாவுக்கான உளுந்தையும் கொண்டுவரப் பழகினார்கள். தை வரைக்கும் தாங்கும் உளுந்து நூர்ஜகான் வீட்டுப் பரணில் ஏறியபோது, முதலாளி என்ற சொல் கீழமடைச் சந்தின் பேச்சிலிருந்து நழுவிவிட்டது, யாரும் அதைத் தேடவில்லை.

மார்கழி மூன்றாம் நாள் மழை விட்டது.

விடிந்தபோது வெயில் எங்கும் இருந்தது. கோபுரத்தில், ஆற்று மணலில், பஸ் கூரையில், குப்பைத்தொட்டியில், முப்பத்தொரு வீட்டு வாசலிலும் ஒரே வெயில், ஓரம் நறுக்காத வெயில். ஒச்சம்மா தன் கொல்லைக்கு வந்து தேடினாள். தன்னுடைய வெயில் எது, ஊர் வெயில் எது என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. ஆற்றில் கொட்டிய ஒரு குடம் தண்ணீர் மாதிரி அது போய்ச் சேர்ந்துவிட்டது. ஊரெல்லாம் பிள்ளைகள் கூச்சலிட்டுக்கொண்டு தெருவில் ஓடினார்கள். அவள் கொல்லையைப் பெருக்கினாள். தண்ணீர் தெளித்தாள். படலைத் திறந்து வைத்தாள்.

ஏழு மணி ஆனது. யாரும் வரவில்லை. ஏழரை ஆனது.

ஒவ்வொருத்திக்கும் அவளவள் வாசலிலேயே வெயில் இருக்கும்போது எதற்கு வருவார்கள்? இவ்வளவு நாளும் வந்தது வெயிலுக்கு. வெயிலோடு பேசினார்கள், வெயிலைக் கேட்டார்கள், வெயிலுக்குப் பங்கு கொடுத்தார்கள். வெயில் போனபிறகு இங்கே இருப்பது அவள்தான். அவளுக்கும் அவர்களுக்கும் பேச்சில்லை. மறுபடியும் அந்தத் தண்ணீர் தலைக்கு மேல் மூடுவது அவளுக்குத் தெரிந்தது. படலைச் சாத்தினாள். உள்ளே போய்க் குழவியையும் பலகையையும் எடுத்து வைத்துக்கொண்டு, தேய்க்க மாவில்லாமல், சும்மா உட்கார்ந்தாள்.

"போய்ப் பாரேன்" என்றான் மாயழகு.

"எதுக்கு?"

"எதுக்கோ."

அப்போது படல் அதிர்ந்தது. தட்டிய சத்தமல்ல, உதைத்த சத்தம். இரண்டாவது உதையில் அது சாய்ந்து விழுந்தது. இடுப்பில் சேலையை ஏற்றிச் செருகி, முழங்கை வரை மாவோடு, சகாயமேரி நின்றாள்.

"ஏண்டி ஒச்சம்மா!"

ஒச்சம்மா எழுந்தாள். எழுந்தது அவளுக்குத் தெரியவில்லை.

"நீ என்ன பெரிய மகராணியா? மணி என்னாகுது? பள்ளிக்கூட மைதானத்துல நூறு பாய் விரிச்சுப் போட்டு, மாவை உரல்ல கொட்டி, முப்பது பேரும் ஒன் மொகரையப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கோம். உலக்கை ஒன் முறைடி இன்னைக்கு! பள்ளிக்கூடத்துச் செவுத்துல எழுதிப்போட்டது கண்ணு தெரியலையா?"

"எம் பேரா?"

"இந்தச் சந்துல வேற எத்தன ஒச்சம்மா இருக்கா? எடம் கொடுத்த வீட்டுக்கு வேலை இல்லன்னு சும்மா உக்காந்து தின்ன காலமெல்லாம் நேத்தோட போச்சு. இப்ப எல்லா வீட்டுலயும்தான் வெயிலு அடிக்குது. ஒனக்கு மட்டும் என்ன கொம்பா மொளச்சிருக்கு? மாவு புளிச்சுப்போனா ஒம் புருசனா வந்து பதில் சொல்லுவான்?"

"நான் சொல்ல மாட்டேம்மா" என்றான் உள்ளேயிருந்து மாயழகு.

"வாரேன்டி! ஏன் இப்பிடிக் கத்துற, காது செவிடாகிப்போகும்போல" என்று கத்தினாள் ஒச்சம்மா. பதினெட்டு மாதமாகத் தேங்கிய குரல் அவளுக்கே புதிதாக, கரகரப்பாக, தெருமுனைக்குக் கேட்கிற அளவுக்கு வந்தது. "படலை ஒடச்சிட்டு நிக்கிறியே, அதை யாரு கட்டுறது?"

"வந்து உலக்கையப் பிடி மொதல்ல. படலு எங்க ஓடுது?"

இரண்டு பேரும் ஏசிக்கொண்டே சந்தைக் கடந்து போனார்கள். ஒருத்தி முன்னால், ஒருத்தி பின்னால், பிறகு இரண்டு பேரும் பக்கத்துப் பக்கமாக. மைதானத்தில் வெள்ளையாக, முழுக்க, பாயும் வெயிலுமாக இருந்தது. ஒச்சம்மா யாரையும் பார்க்கவில்லை. உரலருகில் மண்டியிட்டு, கையைக் கழுவித் துடைத்து, எண்ணெய் தொட்டு, மாவுக்குள் மணிக்கட்டு வரை அமுக்கினாள். வெதுவெதுவென்று இருந்தது. ஒரு துளி கிள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"உப்பு பத்தல" என்றாள்.

முப்பது வாயும் ஒரே நேரத்தில் அவள்மேல் பாய்ந்தன.